கலப்புக் கருவிகள் உள்ள சிறிய அலுவலகத்துக்கு எம்.டி.எம். மென்பொருள் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

விண்டோஸ் லேப்டாப் பாதி, மேக் கொஞ்சம், ஆண்ட்ராய்டு போன்கள், கூடவே சில ஐபேட். இப்படி எல்லாம் கலந்து 15 முதல் 50 கருவிகள் வரை உள்ள அலுவலகத்துக்கான வழிகாட்டி இது. தனியாக ஐ.டி. துறை கிடையாது, கம்ப்யூட்டர் விஷயம் கொஞ்சம் தெரிந்த ஒருவர் தன் வேலையோடு இதையும் பார்த்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்கிறேன்.

எம்.டி.எம். (மொபைல் டிவைஸ் மேனேஜ்மென்ட்) மென்பொருள் என்ன செய்யும்? எல்லாக் கருவிகளுக்கும் ஸ்கிரீன் லாக் போடுவது, ஆப் ஏற்றுவது, அப்டேட் தள்ளுவது, தொலைந்த கருவியைப் பூட்டுவது, வேலையை விட்டுப் போனவரின் போனிலிருந்து அலுவலகத் தகவலை எடுப்பது என இவ்வளவையும் ஒரே இணையப் பக்கத்திலிருந்து செய்ய விடும்.

புதிதாக இறங்குபவர்கள் முதல் நாளே நாலைந்து கம்பெனிகளிடம் டெமோ கேட்கிறார்கள். டெமோவில் எல்லாமே அழகாக வேலை செய்யும். ஒரு வருடப் பணத்தைக் கட்டிய பிறகுதான், லேப்டாப்பில் பாதி விண்டோஸ் ஹோம் என்பதும், ஐபேட் பழைய ஊழியரின் ஆப்பிள் கணக்கில் இருப்பதும் தெரியவரும். மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது இந்த வேலையில் ஐந்தாவது படி. முதல் நான்கையும் ஒழுங்காக முடித்தால் பட்டியலில் உள்ள பல பெயர்கள் தாமாகவே கழன்றுவிடும்.

எளிதாகப் புரிய, திருப்பூர்ப் பக்கம் வழக்கமாகப் பார்க்கும் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். கணக்குப் பிரிவிலும் அலுவலக வேலையிலும் டேலி ஓடும் 14 விண்டோஸ் லேப்டாப், டிசைன் பிரிவில் 4 மேக், மெர்ச்சண்டைசர்கள் கையில் 10 ஆண்ட்ராய்டு போன், தரம் பார்ப்பவர்களிடம் 3 ஐபேட், ஒரு மூலையில் உபுண்டு (ஒரு வகை லினக்ஸ்) ஓடும் ஒரு டெஸ்க்டாப்.

1. ஒவ்வொரு கருவியையும் கையில் எடுத்து எழுதுங்கள்

பழைய எக்செல் ஷீட் ஒன்று எப்படியும் இருக்கும். அதை நம்ப வேண்டாம். மேசை மேசையாகப் போய், திறந்து பார்த்து எழுதுங்கள். இந்த அளவு அலுவலகத்துக்கு ஒரு நாள் வேலைதான்.

சீரியல் எண், மாடல், இயங்குதளப் பதிப்பு, யார் பயன்படுத்துகிறார், யார் காசு கொடுத்து வாங்கியது, எந்தக் கடை பில், இப்போது எந்தக் கணக்கில் லாகின் ஆகியிருக்கிறது ஆகியவை வேண்டும். அலுவலகப் போன் என்றால் *#06# அழுத்தி வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் ஹோமா ப்ரோவா என்று காட்டும். கடையில் சலுகை விலைக்கு வாங்கிய லேப்டாப்பில் பெரும்பாலும் ஹோம்தான் இருக்கும். ஹோம் பதிப்பை மைக்ரோசாஃப்டின் அலுவலகக் கணக்குச் சேவையான என்ட்ரா ஐ.டி.யில் இணைக்க முடியாது. விண்டோஸில் டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யும் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும்) பிட்லாக்கரை அலுவலகம் நிர்வகிக்கவும் அதில் வழியில்லை. சில எம்.டி.எம். மென்பொருள்கள் ஹோமிலும் ஏறிக்கொண்டு, பட்டியலில் பச்சை விளக்கு காட்டும், ஆனால் நீங்கள் போடும் விதிகளில் பல அங்கே பிடிக்காது. ப்ரோவுக்கு மாறும் கட்டணத்தை மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே கட்டலாம், ஃபார்மட் பண்ணத் தேவையில்லை. ஆனால் அது தனிச் செலவு. எத்தனை ஹோம் என்று இப்போதே தெரிந்தால்தான் மொத்தக் கணக்கு சரியாக வரும்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இன்டெல் மேக்குகளுக்கு மேக்ஓஎஸ் 26தான் கடைசிப் பதிப்பு. இந்த இரண்டு வகையிலும் எது இருந்தாலும் 'மாற்ற வேண்டியது' என்று குறியுங்கள். ஓரிரு வருடத்தில் தூக்கப் போகும் கருவிக்கு ஏற்றபடி மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது வீண்.

லாகின் கணக்கு என்ற கட்டத்தைப் பலர் காலியாக விட்டுவிடுகிறார்கள். எனக்கு இந்தப் பட்டியலில் மிக முக்கியமாகப் படுவது அதுதான். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்போடு வரும் புது லேப்டாப்பில் ஒருவர் தன் சொந்த மைக்ரோசாஃப்ட் கணக்கால் லாகின் செய்தால், டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடும். அதைத் திறக்கும் 48 இலக்க மீட்புச் சாவி அவருடைய சொந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். அவர் வேலையை விட்டுப் போன பிறகு ஒரு நாள் பயாஸ் அப்டேட்டுக்குப் பின் நீலத் திரையில் அந்தச் சாவியைக் கேட்டால், கொடுக்க அலுவலகத்தில் யாரிடமும் இருக்காது. ஐபேடும் இப்படித்தான். பழைய ஊழியரின் ஆப்பிள் கணக்கோடு ஆக்டிவேஷன் லாக் விழுந்திருந்தால், ரீசெட் செய்த பின்னும் அவருடைய பாஸ்வேர்டைத்தான் கேட்கும். ஆள் அலுவலகத்தில் இருக்கும்போதே சொந்தக் கணக்கை வெளியே எடுக்கச் சொல்லுங்கள்.

2. அலுவலகக் கருவி எது, சொந்தக் கருவி எது என்று பிரியுங்கள்

நம் எடுத்துக்காட்டில் மெர்ச்சண்டைசர்களின் 10 போன்களில் 7 அவர்களுடைய சொந்தப் போன் என்று வைத்துக்கொள்வோம். இது இரண்டு வேறு வேலை. ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

அலுவலகப் போனை முழுக் கட்டுப்பாட்டில் எடுக்கலாம். சொந்தப் போனில் ஆண்ட்ராய்டு என்றால் வொர்க் புரொஃபைல், ஐபோன் என்றால் யூசர் என்ரோல்மென்ட், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வொர்க் புரொஃபைலில் அலுவலக ஆப்கள் சிறிய பெட்டிச் சின்னத்தோடு தனியாக நிற்கும். அலுவலகம் அந்தப் பகுதியை மட்டும்தான் அழிக்க முடியும். வீட்டுப் படங்கள், சொந்த வாட்ஸ்அப், கேலரி எதையும் தொட முடியாது. ஐபோனின் யூசர் என்ரோல்மென்டிலும் முழுப் போனையும் அழிக்கும் அதிகாரம் அலுவலகத்துக்கு வராது.

இதை ஊழியர்களிடம் வாயால் சொன்னால் போதாது. நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, ஒரு சொந்தப் போனைப் பற்றி அங்கே என்னென்ன தெரிகிறது என்று அவர்கள் கண் முன்னாலேயே காட்டுங்கள். 'என் மெசேஜை எல்லாம் படிப்பாங்களா?' என்ற பயம் நியாயமானது. அது தீராமல் மேலே போனால், போனைச் சேர்த்த அன்று மாலையே ரெண்டு பேர் அதை எடுத்துவிடுவார்கள்.

ஒரு பக்கத்தில் ஒப்புதல் கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அலுவலகம் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது, எப்போது அழிக்கும் என்ற மூன்றும் தமிழில் இருக்கட்டும். இந்தியாவில் 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. ஊழியர்களின் தகவலைக் கையாளும்போது எதற்காக எடுக்கிறோம் என்று எழுத்தில் இருப்பது இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

ஒருவர் வேண்டாம் என்றால்? கட்டாயப்படுத்தாதீர்கள். அவருக்கு அலுவலக மெயிலை பிரவுசரில் மட்டும் பார்க்கும்படி விடலாம், இல்லையென்றால் அலுவலகப் போன் ஒன்று வாங்கிக் கொடுக்கலாம்.

3. தேவைகளை ஒரே தாளில் எழுதுங்கள்

டெமோ பார்த்த பிறகு எழுதினால், பார்த்த வசதி எல்லாம் தேவையாகத் தோன்றும். அதனால் இது முன்னாலேயே நடக்க வேண்டும்.

முப்பது கருவி அலுவலகத்துக்கு உண்மையில் வேண்டியவை கொஞ்சம்தான். டிஸ்க் என்கிரிப்ட் ஆகி, அதன் மீட்புச் சாவி அலுவலகத்தின் கையில் இருக்க வேண்டும். ஸ்கிரீன் லாக் கட்டாயமாக வேண்டும். இயங்குதளமும் பிரவுசரும் காலத்தில் அப்டேட் ஆக வேண்டும். தொலைந்தால் பூட்ட வேண்டும், ஆள் போனால் அன்றே அலுவலகத் தகவலை எடுக்க வேண்டும். புது லேப்டாப் வந்தால் அரை நாளில் தயாராக வேண்டும்.

இடம் கண்காணிப்பு, ஒரே ஆப் மட்டும் திறக்கும் கியாஸ்க், இணையத்தள வடிகட்டி, நேரக் கட்டுப்பாடு ஆகியவற்றைத் தாளின் அடியில் 'அப்புறம் பார்க்கலாம்' என்று எழுதுங்கள். தரம் பார்க்கும் ஐபேடுகளுக்கு மட்டும் கியாஸ்க் உண்மையிலேயே தேவைப்படலாம். அப்படியென்றால் அதை மேலே ஏற்றுங்கள், மற்றதை ஏற்றாதீர்கள்.

உபுண்டு டெஸ்க்டாப்பைப் பற்றி இங்கேயே முடிவெடுங்கள். ஒரே ஒரு லினக்ஸுக்காக மற்ற 31 கருவிகளின் தேர்வை வளைக்க வேண்டியதில்லை. அதைக் கையாலேயே பராமரித்துக்கொள்ளலாம். லினக்ஸ் ஐந்தைத் தாண்டினால் கதை வேறு.

4. கணக்குகளைத் திறங்கள், இதற்குத்தான் நாள் பிடிக்கும்

எந்த மென்பொருளை வாங்கினாலும் அது ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்று வாசல்கள் வழியாகத்தான் கருவிக்குள் நுழைய முடியும். வாசல் அலுவலகத்தின் பெயரில் இல்லையென்றால் மென்பொருள் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

முதலில் ஒரு பொது மெயில் முகவரியை அலுவலக டொமைனில் உருவாக்குங்கள். தனி ஆளின் பெயரில் வேண்டாம். 'கருவிகள்', 'ஐ.டி.' என்பது போலப் பதவிப் பெயரில் இருக்கட்டும். அந்தப் பெட்டியை இரண்டு பேர் திறக்க முடிய வேண்டும். கீழே வரும் எல்லாக் கணக்கையும் அதிலேயே திறங்கள்.

ஆப்பிள் பிசினஸ் மேனேஜர். நிறுவனத்தின் ஆப்பிள் கருவிகளை நிறுவனத்தின் பெயரில் சேர்த்து வைக்கும் தளம் இது. இலவசம். ஆனால் நிறுவனத்துக்கு டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் தரும் 9 இலக்க டி-யு-என்-எஸ் எண் வேண்டும். எண்ணுக்கு விண்ணப்பிக்கும்போது பதிவுச் சான்றிதழில் உள்ள அதே பெயரை, அதே எழுத்தில் கொடுங்கள். ஜி.எஸ்.டி. சான்றிதழில் ஒரு மாதிரி, பெயர்ப் பலகையில் ஒரு மாதிரி இருந்தால் அங்கேயே சிக்கிக்கொள்ளும். பதிவு செய்யும் மெயிலில் ஏற்கெனவே சாதாரண ஆப்பிள் கணக்கு எதுவும் இருக்கக் கூடாது. ஆப்பிள் தரப்பிலிருந்து சரிபார்க்கத் தொடர்புகொள்வார்கள், அதற்கு நீங்கள் பெயர் கொடுத்தவர் விஷயம் தெரிந்தவராக இருக்க வேண்டும். இதெல்லாம் ஒரே நாளில் முடியாது. அதனால்தான் மென்பொருள் தேடும் முன்பே இதை ஓடவிடுகிறோம்.

இனி வாங்கும் மேக், ஐபேட் எல்லாம் ஆப்பிளின் அங்கீகாரம் பெற்ற, இந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்கும் விற்பனையாளரிடம் வாங்குங்கள். உங்கள் நிறுவன எண்ணைக் கொடுத்தால் கருவியை அவர்களே உங்கள் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். பெட்டியைப் பிரித்து வைஃபையில் போட்டவுடன் அது உங்கள் கட்டுப்பாட்டுக்குள் வரும். பயன்படுத்துபவர் அதைக் கழற்ற முடியாதபடியும் அமைக்கலாம். பட்டியலில் கடை பில் எதற்கு என்று கேட்டிருந்தால், இதற்குத்தான். வேறு இடத்தில் வாங்கியவற்றை ஐபோனில் உள்ள ஆப்பிள் கான்ஃபிகரேட்டர் ஆப் மூலம் சேர்க்கலாம். ஆனால் கருவியை முழுதாக அழித்து, முதல் அமைப்புத் திரைக்குக் கொண்டுவர வேண்டும். சேர்த்த பின்னும் முதல் 30 நாள் வரை பயன்படுத்துபவர் அதை விடுவித்துக்கொள்ள முடியும்.

ஆப்பிள் புஷ் சான்றிதழ். எந்த எம்.டி.எம். ஆனாலும் ஆப்பிள் கருவிகளுக்கு ஆணை அனுப்ப இது வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை, எந்த ஆப்பிள் கணக்கில் எடுத்தோமோ அதே கணக்கில் புதுப்பிக்க வேண்டும். மறந்துவிட்டால் ஆணை எதுவும் போகாது. பழைய கணக்கின் பாஸ்வேர்ட் இல்லையென்று வேறு கணக்கில் புதிதாக எடுத்தால், எல்லா ஆப்பிள் கருவியையும் மறுபடி ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டிவரும். கன்சல்டன்ட் தன் சொந்த ஆப்பிள் கணக்கில் இதை எடுத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த வருடம் ஆளே கிடைக்காமல் தவித்த அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன். நீங்களே, அந்தப் பொது மெயிலில், எடுங்கள்.

மேனேஜ்டு கூகுள் ப்ளே. ஆண்ட்ராய்டு போன்களுக்கு அலுவலக ஆப்களைத் தரும் கூகுளின் வாசல். இது வேகமாக முடியும். ஒரே எச்சரிக்கை: யாருடைய சொந்த ஜிமெயிலிலும் எம்.டி.எம்.மை இணைக்காதீர்கள். பிறகு இணைப்பை அறுத்து மாற்றினால் சேர்ந்த போன்கள் எல்லாம் பாதிக்கப்படும்.

மைக்ரோசாஃப்ட். மைக்ரோசாஃப்ட் 365 சந்தா இருந்தால் என்ட்ரா ஐ.டி. ஏற்கெனவே உங்களுக்கு உண்டு. முதன்மை நிர்வாகி யார் என்று பாருங்கள். மெயில் அமைத்துக் கொடுத்த வெளியாள் மட்டுமே நிர்வாகியாக இருந்தால், இப்போதே உங்கள் ஆள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. மூன்றே பெயர்கள் கொண்ட பட்டியல் போடுங்கள்

முதலில் ஏற்கெனவே பணம் கட்டும் சந்தாவைத் திறந்து பாருங்கள். மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியம் இருந்தால் அதில் மைக்ரோசாஃப்டின் எம்.டி.எம். ஆன இன்ட்யூன் சேர்ந்தே வருகிறது. 300 பேர் வரைதான் அந்தத் திட்டம், சிறிய அலுவலகத்துக்கு அது தடையே இல்லை. இருப்பதைத் தெரியாமலே வேறொன்றுக்குப் பணம் கட்டும் அலுவலகங்கள் நிறைய. பேசிக், ஸ்டாண்டர்ட் திட்டங்களில் இன்ட்யூன் கிடையாது என்பதையும் கவனியுங்கள். கூகுள் வொர்க்ஸ்பேஸ் இருந்தால் போன்களுக்கான அடிப்படை நிர்வாகம் அதிலேயே உண்டு. மெயில் மட்டும் பார்க்கும் சொந்தப் போன்களுக்கு அதுவே போதலாம். மேக்கை முழுதாக நிர்வகிக்க அதை நம்ப முடியாது.

விண்டோஸ் அதிகமாகவும் மேக் குறைவாகவும் இருந்து, பிரீமியம் சந்தாவும் இருந்தால் இன்ட்யூனைப் பட்டியலில் முதலில் வையுங்கள். அதன் போக்கு கொஞ்சம் நிதானம். விண்டோஸ் கருவி விதிகளைச் சரிபார்க்கும் வழக்கமான இடைவெளி சுமார் 8 மணி நேரம். மாற்றம் செய்தவுடன் எதிரில் தெரியவில்லை என்று புதியவர்கள் அதையே மூன்று முறை மாற்றிக் குழப்பிக்கொள்கிறார்கள். நிர்வாகப் பக்கமும் பெரியது, பழக நேரம் எடுக்கும்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் மேனேஜ்எஞ்சின் பிரிவு எண்ட்பாயின்ட் சென்ட்ரல், மொபைல் டிவைஸ் மேனேஜர் பிளஸ் என்ற இரண்டைத் தருகிறது. இரண்டிலும் 25 கருவி வரை இலவசப் பதிப்பு இருக்கிறது. முன்னது லினக்ஸையும் பார்த்துக்கொள்ளும், வெளி மென்பொருள்களின் அப்டேட்டையும் தள்ளும். நம் 32 கருவி அலுவலகம் 25ஐத் தாண்டிவிடுகிறது. அதனால் இலவசம் என்ற கணக்கில் அல்லாமல் முழு விலையில் வைத்துப் பாருங்கள். 20 கருவி அலுவலகத்துக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஹெக்ஸ்நோட், புனேயிலிருந்து வரும் ஸ்கேல்ஃபியூஷன் இரண்டும் பல இயங்குதளங்களுக்கானவை. களத்தில் ஓடும் ஆண்ட்ராய்டு, டேப், கியாஸ்க் ஆகியவை அதிகமுள்ள இடங்களுக்கு இவற்றைப் பட்டியலில் வைக்கலாம். ஜம்ப்கிளவுட் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் ஒரே லாகின் வேண்டும் என்பவர்களுக்கு.

ஜாம்ஃப், மொசைல் இரண்டும் ஆப்பிளுக்கென்றே கட்டப்பட்டவை. மேக் நான்கு மட்டும் இருக்கும் அலுவலகத்தில் இதற்காகத் தனியாக இரண்டாவது மென்பொருள் வைத்தால், பார்த்துக்கொள்ளும் அந்த ஒருவருக்கு வேலை இரட்டிப்பாகும். டிசைன் ஸ்டூடியோ போல மேக்தான் பெரும்பான்மை என்றால், ஆப்பிளுக்கு இது, மிச்சத்துக்கு வேறு என்று பிரிப்பது சரியான முடிவு. ஒரு கருவியில் ஒரு நேரத்தில் ஒரு எம்.டி.எம். மட்டுமே இருக்க முடியும் என்பதால், எது எதைப் பார்க்கும் என்ற கோடு தெளிவாக இருக்க வேண்டும்.

மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றையும் ஒழுங்காகச் சோதிக்க முழுதாக நாலைந்து நாள் தேவை. ஆறு பெயர் வைத்தால் எதையும் சோதிக்க மாட்டீர்கள்.

6. இருப்பதிலேயே மோசமான கருவிகளில் சோதியுங்கள்

இலவசச் சோதனைக் காலத்தைத் தொடங்கும் முன் கருவிகளைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்த நிமிடத்திலிருந்து நாள் ஓட ஆரம்பித்துவிடும். புது மேக்கை எடுத்துச் சோதிப்பதில் அர்த்தமில்லை. மெதுவாக ஓடும் டேலி லேப்டாப் ஒன்று, பழைய மேக் ஒன்று, பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று பின்னணி ஆப்களைக் கொன்றுவிடும் வகை ஆண்ட்ராய்டு போன் ஒன்று, ஓர் ஐபேட். அலுவலக வைஃபையை விட்டு, மொபைல் ஹாட்ஸ்பாட்டில் சோதியுங்கள். கருவி தொலைவது வெளியில்தான்.

சேர்ப்பது. அலுவலக ஆண்ட்ராய்டு போனை முழுக் கட்டுப்பாட்டில் எடுக்க ஃபேக்டரி ரீசெட் செய்து, வரவேற்புத் திரையில் ஒரே இடத்தில் ஆறு முறை தட்டினால் க்யூ.ஆர். ஸ்கேனர் திறக்கும். ரீசெட்டுக்கு முன் பழைய கூகுள் கணக்கை செட்டிங்ஸில் நீக்கிவிடுங்கள். நீக்காமல் ரெக்கவரி மெனு வழியாக ரீசெட் செய்தால் அந்தப் பழைய கணக்கையே கேட்டு நின்றுவிடும். சேர்த்த பின் போனை ஒரு இரவு மேசையில் அப்படியே விடுங்கள். காலையில் நிர்வாகப் பக்கத்தில் 'கடைசியாகத் தொடர்பு' என்ன நேரம் காட்டுகிறது என்று பாருங்கள். நேற்று இரவோடு நின்றிருந்தால், அந்த மாடலுக்கு பேட்டரிக் கட்டுப்பாட்டில் விலக்குத் தர வேண்டும், இல்லையேல் மாடலையே மாற்ற வேண்டும்.

மீட்புச் சாவி. ஏற்கெனவே ஃபைல்வால்ட் (மேக்கின் டிஸ்க் என்கிரிப்ஷன்) போட்டிருக்கும் மேக்கைச் சேர்த்தால், பழைய சாவி தானாக எம்.டி.எம்.முக்கு வந்துவிடாது. புதுச் சாவி உருவாக வேண்டும். அதை இந்த மென்பொருள் எப்படிச் செய்கிறது, பயன்படுத்துபவரிடம் என்ன கேட்கிறது என்று பாருங்கள். பச்சை டிக்கை நம்பி நகராமல், சாவியைத் திரையில் வரவழைத்து, அதை வைத்து உண்மையிலேயே அந்த மேக்கைத் திறந்து பாருங்கள். பிட்லாக்கருக்கும் இதையே செய்யுங்கள்.

அப்டேட். மேக், ஐபேடுகளின் இயங்குதள அப்டேட்டை ஆப்பிள் இப்போது டிக்ளரேட்டிவ் என்ற புது முறைக்கு மாற்றிவருகிறது. பழைய ஆணைகளைக் கைவிடப் போவதாக 2025இல் அறிவித்தும்விட்டது. புது முறை இருக்கிறதா என்று விற்பவரிடம் நேரடியாகக் கேளுங்கள். 'விரைவில்' என்று பதில் வந்தால் அந்தப் பெயரை அடித்துவிடலாம். விண்டோஸில் குரோமும் பி.டி.எஃப். ரீடரும் அப்டேட் ஆகின்றனவா என்று தனியாகப் பாருங்கள். விண்டோஸ் அப்டேட் மட்டும் பார்த்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும் மென்பொருள்கள் உண்டு.

தொலைதூர உதவி. மேக்கில் திரையைப் பதிவுசெய்யும் அனுமதியை எந்த எம்.டி.எம்.மும் சத்தமில்லாமல் தானே கொடுத்துக்கொள்ள முடியாது. எதிரில் உள்ளவர் ஒரு முறை செட்டிங்ஸில் போய் அனுமதிக்க வேண்டும். இது ஆப்பிளின் கட்டுப்பாடு, மென்பொருளின் குறை இல்லை. கருவியைச் சேர்க்கும் அன்றே அதைச் செய்ய வைத்துவிடுங்கள். ஷிப்மென்ட் நெருக்கடியில் போனில் வழி சொல்லிச் செய்ய வைப்பது கஷ்டம்.

தொலைந்தது போல நடியுங்கள். கருவியில் இணையத்தை நிறுத்திவிட்டு, பூட்டும் ஆணையை அனுப்புங்கள். பிறகு இணையத்தைத் திறந்து எத்தனை நிமிடத்தில் பூட்டுகிறது என்று பாருங்கள். இணையமே கிடைக்காவிட்டால் ஆணை காத்துக்கொண்டே இருக்கும், இது எல்லா மென்பொருளுக்கும் பொது. அதனால்தான் அழிக்கும் வசதியை விட என்கிரிப்ஷனை மேலே வைத்தோம். அலுவலகப் போன் உண்மையிலேயே தொலைந்தால் போலீஸ் புகார் நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தின் சி.இ.ஐ.ஆர். பகுதியில் முடக்கலாம். அங்கே ஐ.எம்.இ.ஐ. கேட்பார்கள், உங்கள் பட்டியலில் அது தயாராக இருக்கும்.

யூ.எஸ்.பி. தடை. பென் டிரைவைத் தடுக்கும் விதியைப் போடும் முன், கணக்குப் பிரிவின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருகிப் பாருங்கள். சில டோக்கன்கள் தங்கள் டிரைவரை ஒரு சிறிய டிஸ்க் போலக் காட்டும், தடையில் அதுவும் சேர்ந்து அடிபடும். டோக்கனுக்கு மட்டும் விலக்குத் தர முடியாத மென்பொருள் நம்மூர் அலுவலகத்துக்குச் சரிப்படாது.

கழற்றிப் பாருங்கள். பயன்படுத்துபவர் கணக்கில் நுழைந்து எம்.டி.எம்.மை நீக்க முயலுங்கள். எல்லாரும் அட்மினாக லாகின் செய்யும் விண்டோஸ் என்றால் சுலபமாக நீக்கிவிடலாம். நீக்கினால் உங்களுக்கு மெயில் வருகிறதா என்று பாருங்கள். சாதாரணக் கணக்கில் டேலியும் பிரின்டரும் ஓடுகின்றனவா என்றும் இப்போதே சோதித்தால், அட்மின் உரிமையை எடுப்பது பற்றி உறுதியாகப் பேச முடியும்.

சோதனையின்போது ஒரு முறையாவது உதவி மையத்தைக் கூப்பிடுங்கள். இந்திய நேரத்தில் பகலில் ஆள் கிடைக்கிறதா, முதல் பதிலிலேயே விஷயத்துக்கு வருகிறார்களா என்பது விலைப் பட்டியலில் தெரியாது.

7. விலையை முழுதாகக் கணக்கிடுங்கள்

ஒரு கருவிக்கு இத்தனை, ஓர் ஆளுக்கு இத்தனை என்று இரண்டு விதமாக விலை வைக்கிறார்கள். ஒருவரிடம் லேப்டாப், போன், ஐபேட் மூன்றும் இருந்தால் ஆள் கணக்கு மலிவு. தறி ஓரத்தில் மூன்று பேர் மாற்றி மாற்றி ஒரே ஐபேடைத் தொட்டால் கருவிக் கணக்கு மலிவு. குறைந்தபட்சம் இத்தனை லைசன்ஸ் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று கேளுங்கள், சிறியவர்கள் மாட்டுவது அங்கேதான்.

டாலரில் பில் வந்தால் மாற்று விகிதம், கார்டு கட்டணம், ஜி.எஸ்.டி.யை ரிவர்ஸ் சார்ஜில் நீங்களே கட்டுவது என மூன்று கூடும். ரூபாயில் 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு பில் தருபவரிடம் வாங்கினால் ஆடிட்டருக்கும் சுலபம். கார்டில் தானாகக் கழியும் சந்தா 15,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. போட வேண்டும். அது யார் போனுக்கு வருகிறது என்று பாருங்கள். முதலாளி வெளிநாட்டில் இருக்கும் வாரத்தில் சந்தா அறுந்துபோன இடங்கள் உண்டு.

ப்ரோ பதிப்புக்கு மாற்றும் செலவு, மாற்ற வேண்டிய கருவிகள் ஆகியவற்றையும் இதே தாளில் சேர்த்துப் பாருங்கள்.

8. வெளியேறும் வழியை வாங்கும் முன்பே கேளுங்கள்

கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி. எல்லா மீட்புச் சாவியையும் ஒரே கோப்பாக எடுக்க முடியுமா? சந்தா முடிந்த மறுநாள் கருவிகளுக்கு என்ன ஆகும், விதிகள் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்குமா? நிர்வாகியின் செயல்பாட்டுப் பதிவுகள் எத்தனை நாள் இருக்கும்?

கடைசிக் கேள்விக்குக் காரணம் உண்டு. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும், குறிப்பிட்ட வகைப் பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. 30 நாளில் பதிவை அழித்துவிடும் திட்டம் என்றால், மாதாமாதம் பதிவிறக்கி வைக்கும் வேலை உங்கள் தலையில் விழும்.

ஆப்பிள் பக்கம் இப்போது நிலைமை பரவாயில்லை. ஐஓஎஸ் 26, மேக்ஓஎஸ் 26 முதல், பிசினஸ் மேனேஜரில் உள்ள கருவியை அழிக்காமலே ஓர் எம்.டி.எம்.மிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற முடிகிறது. முழுக் கட்டுப்பாட்டில் உள்ள ஆண்ட்ராய்டை மாற்ற இன்னும் ரீசெட்தான் வழி என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

9. பரப்பும்போது வரிசையை மாற்றாதீர்கள்

முதலில் உங்கள் சொந்த அலுவலகக் கருவிகள். அப்புறம் பொறுமையான ஒருவருடையது. ஒரு வாரம் ஓடட்டும். பிறகு டிசைன், அதன்பின் கணக்கு, கடைசியில் சொந்தப் போன்கள். அலுவலகக் கருவிகளில் எல்லாம் ஒழுங்காக ஓடுவதைப் பார்த்த பிறகு, சொந்தப் போனைத் தரத் தயக்கம் குறையும்.

கணக்குப் பிரிவைத் தொட மாதத்தின் 11ஆம் தேதி, 20ஆம் தேதிப் பக்கம் போகாதீர்கள். ஜி.எஸ்.டி.ஆர்.-1, 3பி ஆகிய இரண்டு ஜி.எஸ்.டி. தாக்கல்களும் அந்த நாட்களில் முட்டி நிற்கும். மாதக் கடைசி வாரம் அவர்களுக்கு வசதிப்படுமா என்று அவர்களிடமே கேட்டுவிட்டுத் தேதி வையுங்கள்.

விதிகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். முதலில் கருவியைச் சேர்ப்பது மட்டும், எந்தத் தடையும் இல்லாமல். ரெண்டு நாள் கழித்து ஸ்கிரீன் லாக். அடுத்து என்கிரிப்ஷன், சாவி வந்துவிட்டதா என்று பார்த்தபின் அப்டேட், கடைசியாக யூ.எஸ்.பி. போன்ற தடைகள். எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டால், பிரின்டர் ஓடவில்லை என்று கூப்பிடும்போது எந்த விதியால் என்று கண்டுபிடிக்க முடியாது.

நிர்வாகப் பக்கத்துக்கு இரண்டு பேருக்கு அனுமதி, இருவருக்கும் இரண்டடுக்கு லாகின். இது எல்லாக் கருவியையும் ஒரே சொடுக்கில் அழிக்கக்கூடிய இடம் என்பதால் இதில் சமரசமே வேண்டாம். மூன்றாவதாக ஓர் அவசரக் கணக்கின் பாஸ்வேர்டைத் தாளில் எழுதி, உறையிலிட்டு, முதலாளியின் பீரோவில் வையுங்கள்.

பிறகு அலுவலகப் பொது நாள்காட்டியில் நான்கு தேதிகளைப் போடுங்கள். புஷ் சான்றிதழ், ஆப்பிள் பிசினஸ் மேனேஜர் டோக்கன் (அதை எம்.டி.எம்.மோடு இணைக்கும் கோப்பு), ஆப்களுக்கான டோக்கன் ஆகிய மூன்றுக்கும் வருடாந்திரப் புதுப்பிப்பு, நான்காவதாகச் சந்தா முடியும் நாள். ஒவ்வொன்றுக்கும் 30 நாள் முன்னதாக இரண்டு பேருக்கும் நினைவூட்டல் வரும்படி அமைத்து, எந்த ஆப்பிள் கணக்கில் புதுப்பிக்க வேண்டும் என்பதை அந்தக் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள்.